உனக்குக் கிடைக்காத கதிர்க்கட்டு

இன்று காலை பனி உலர்ந்ததும் நெல் அறுக்கும் பெல்ட் வண்டி வயலில் இறங்கியது. டீசல் புகையும் அறுபட்ட தாளின் பச்சை வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறின. ஆத்தூர்ப் பக்கத்து டிரைவர் பையன் தலையை வெளியே நீட்டி, "மூலையெல்லாம் அறுத்தாச்சா சார்?" என்றான். வரப்பு மூலையில் அந்த மெஷின் திரும்ப முடியாது. அங்கே முன்கூட்டியே கையால் அறுத்து இடம் விட வேண்டும். சம்பா அறுப்பில் டிரைவர்கள் எல்லா வயலிலும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவன் கேட்டதும் நீ வந்து என் பக்கத்தில் நின்றாய். செத்தும் நீ முந்திக்கொள்வதை விடவில்லை.

எபிரேய மொழிப் படிப்பு எனக்கு வரவேண்டியது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நாம் இருவரும் ஒரே கிறிஸ்தவ சபையில் திடப்படுத்தல் பெற்றோம், ஒரே கல்லூரியில் படித்தோம், ஒரே உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். மதிப்பெண் எனக்கு அதிகம். நேர்காணலில் செமிட்டிக் மொழிகளைப் பற்றி நான் விரிவாகப் பேசினேன். நீ ஒரே வரி சொன்னாயாம்: "யூதருங்க பைபிள் சட்டத்த வச்சு எப்படி வாழறாங்கன்னு பாக்கணும்ங்க." உன்னை எருசலேமுக்கு அனுப்பினார்கள். நான் திருவாரூரில் வரலாறு கற்பிக்கப் போனேன். இன்னும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்தாவது பேராசிரியராகி எங்கேயாவது தொலைந்திருக்கலாம். நீயோ நன்னிலம் பக்கத்தில், என் வயலை ஒட்டியே கிடந்த உன் அப்பா நிலத்தில் இறங்கி நெல் போட்டாய். ஞாயிறு மாலைகளில் ஆலயத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, யூதர்கள் அந்தச் சட்டங்களை எப்படிப் படிக்கிறார்கள் என்று பேசினாய். உனக்கு அங்கே வீடு வாடகைக்குக் கொடுத்தவர் செருப்புக் கடைக்காரர், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள், அதன்பின் ராஜாவே வெறுங்காலோடு வந்தாலும் கடையைத் திறக்க மாட்டார் என்று சொன்னாய். மறு வாரமே நம் ஊர் மளிகைக்கடை யோசுவா ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டான். பத்து வருஷம் போதகர் சொல்லிக் கேட்காதவன்.

என் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டாய். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் உன்னைப் பற்றி என் மனைவியிடம் பேச ஆரம்பித்தேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "புறம் பேசினா பேசறவன், கேக்கறவன், பேசப்படறவன்னு மூணு பேருக்கும் கேடுன்னு ஒங்க ஃப்ரெண்டுதான் சொன்னாங்க. நீங்க கெட்டுப் போறதுன்னா போங்க. நான் ஏன் கேட்டுக் கெடணும்?" என்றாள். உன்னைத் திட்டுவதற்குக்கூட உன் அனுமதி தேவைப்பட்டது எனக்கு.

அதற்கெல்லாம் மேலே அந்த மூலை. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, அதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்கிறது மோசேயின் சட்டம். அதை நானும் சிறுவயதிலிருந்தே வாசித்திருக்கிறேன், பாலைவனத்து மக்களின் பழைய வழக்கம் என்று வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். பெல்ட் வண்டிக்கு மூலை தடை என்பதையும் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. "நாளைக்கு வண்டி வருது. மூலைய யாரு வேணா அறுத்துக்கலாம்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனாய். சாயங்காலத்துக்குள் மூலைகள் சுத்தமாயின, வண்டிக்கும் வழி கிடைத்தது, ஊருக்கும் பேச்சு கிடைத்தது.

அடுத்த வருஷம் நான் உன்னைவிடப் பெரிய மூலைகளாக விட்டேன். டீக்கடையில் நானும் சொன்னேன். குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றேன். ஒருவரும் வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உன் வயலில் சிரிப்பும் கூச்சலுமாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். மாடு மேய்க்கும் கமலா அக்காவைக் கூப்பிட்டேன். "இல்ல சார், அங்க கொஞ்சம் வேலை இருக்கு" என்று என் மூலையைத் தாண்டி நடந்தாள். கடைசியில் நானே ஆள் வைத்து என் மூலைகளை அறுக்க வேண்டியதாயிற்று.

அன்று உன்னிடம் கேட்டேன். "என் நெல்லு என்னடா, கசக்குதா?"

"நெல்லு இல்லடா. நீ நிக்கிறியே, அதான்."

"என் வயல். நான் நிக்கக் கூடாதா?"

"கூடாதுன்னுதான் யூத குருமார் சொல்றாங்க. மூலைய நீ எடுத்துக் கொடுக்கக் கூடாது. இன்னாருக்குன்னு பிரிக்கக் கூடாது. விட்டுட்டுப் போயிடணும். அவங்க ஒனக்குக் கும்பிடு போடாம எடுத்துட்டுப் போகணும்."

"பத்தாவது கட்டளையில அடுத்தவன் வீடு, மாடு, கழுதைன்னுதானே இருக்கு? அடுத்தவன் மூலைக்கு ஆசைப்படாதேன்னு இல்லையே" என்றேன், குத்தலாகத்தான்.

"கடைசில 'அவனுக்குரிய எதுக்கும்'னு போட்டிருக்கே, பாக்கலையா? ஒன்ன மாதிரி ஒருத்தன் வருவான்னு தெரிஞ்சுதாண்டா போட்டிருக்காங்க."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. இப்போதும் சிரிப்பு வரவில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். எனக்கென்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அதே வருஷத்து அறுப்பு. வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தில் வண்டி புதைந்துவிடும் என்று அங்கே ஆட்களை விட்டுக் கையால் அறுத்தேன். கட்டுகளாகக் கட்டிக் களத்துக்குச் சுமந்தார்கள். மேற்பார்வைக்கு நான்தான் நின்றேன். வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போதுதான் நினைவு வந்தது, கரையோர நாணலுக்குப் பின்னால் ஒரு கட்டு நின்றுவிட்டது. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உன் மோட்டார் கொட்டகை அருகே நீ குறுக்கே வந்தாய்.

"எங்கடா மறுபடியும்?"

"ஒரு கட்டு மறந்துபோச்சு. எடுத்துட்டு வரேன்."

நீ என் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாய். "என்னது? மறந்துட்டியா? நெஜமாவே மறந்துட்டியா?"

"பின்ன, வேணும்னா விட்டுட்டு வருவாங்க?"

"போகாதடா. மறந்த கட்ட எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அதுவும் சட்டம்தான். எல்லாச் சட்டத்துலயும் இது ஒண்ணு தனி. மத்ததெல்லாம் நெனச்சுச் செய்யலாம். இத மட்டும் நெனச்சுச் செய்ய முடியாது. மறக்கணும்னு நெனச்சா அது மறந்தது ஆகாது. இது ஒருத்தனுக்கு வாய்க்கணும்." ஹேண்டில்பாரை இன்னும் விடவில்லை நீ. "நான் எல்லாத்தையும் கணக்குப் பாத்துச் செய்யறவன்டா. இத்தன வருஷத்துல எனக்கு ஒரு கட்டுகூட மறக்கல. ஒனக்கு வாய்ச்சிருச்சு. பொறாமையா இருக்கு."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாயோ என்று உன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். இல்லை. உதட்டோரம் ஒரு இழுப்பு, கண்ணில் ஒரு சுருக்கம். அந்த முகம் எனக்குத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது நான் பார்க்கிற முகம் அது.

வண்டியைத் திருப்பினேன். மறுநாள் காலை கமலா அக்கா அந்தக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு என் வாசலைக் கடந்தே போனாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் தடவையாக அது எனக்கு உறுத்தவில்லை. நாள் முழுக்க விசில் அடித்துக்கொண்டிருந்தேனாம். என் மனைவி சொன்னாள்.

ஏன் மறந்தேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. என் ஆட்கள் கட்டு சுமந்த நேரமெல்லாம் நான் உன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யார் வருகிறார்கள், எவ்வளவு சிரிக்கிறார்கள், யார் உன்னிடம் நின்று பேசிவிட்டுப் போகிறார்கள் என்று. அதில்தான் ஒரு கட்டு தப்பியது.

போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டாய். உன் அடக்கத்துக்கு வந்த கூட்டம் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேயும் நின்றது. என் அப்பாவுக்கு அதில் பாதிகூட வரவில்லை. மண் போடும்போதும் எனக்கு அதுதான் தோன்றியது.

நேற்று டீக்கடையில் மூலையைப் பற்றிச் சொல்லிவிட்டு நன்னிலம் போய்விட்டேன். வேலை ஒன்றுமில்லை. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை இரண்டு தடவை படித்தேன். பொழுது சாய்ந்து வந்து பார்த்தால் நான்கு மூலையும் அறுத்திருந்தது. கமலா அக்கா எதிரே வந்தாள். "அவரு இருந்தா எப்படியோ அப்படியே இருக்கு சார்" என்றாள். பார், இதிலும் பெயர் உனக்கே.

இன்று பிற்பகல் பள்ளத்தில் கையறுப்பு. ஒரு கட்டையாவது மறந்துவிட வேண்டும் என்று வேண்டாத இடமெல்லாம் பார்த்து நின்றேன். வானத்தைப் பார்த்தேன், செல்போனைப் பார்த்தேன். பின்னால் ஒவ்வொரு கட்டும் எங்கே இருக்கிறது என்று முதுகுக்குத் தெரிந்தது. கடைசிக் கட்டு வரை களத்துக்குப் போய்விட்டது.

பிறகு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் திரும்பினேன். உன் மகள் நிலத்தை இன்னும் யாருக்கும் குத்தகைக்கு விடவில்லை. கோரை முளைத்திருக்கிறது. அங்கே ஒருவரும் இல்லை, சிரிப்பு இல்லை. ஆட்கள் போனபிறகும் நான் வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தும் எரிச்சல்பட அங்கே ஒன்றும் இல்லை.

இந்த ஊரில் எல்லாரும் உன்னிடமிருந்து எதையாவது வாங்கிக்கொண்டார்கள். உன் பொறாமை எனக்கு மட்டும்தான் கிடைத்தது. அதை யாருக்கும் பங்கு தர மாட்டேன்.