முப்பத்துமூன்றா, முப்பத்துநான்கா?

என்னோடு ஒருபோதும் ஒத்துப்போகாத என் அன்புத் தம்பி குமரன்,

உன் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சாகிறது. முன்பக்கத்தில் உன் படம். உள்ளே தேவாரம். கடைசிப் பக்கத்தில் வந்தவர்களுக்கும் சமைத்தவர்களுக்கும் நன்றி. நடுவில் இரண்டு பக்கம் அக்கா எழுத வேண்டும் என்றார்கள். 'ஆறாத் துயரில்' என்று தொடங்கிப் பார்த்தேன். நீ வாசித்தால் சிரிப்பாய் என்று தோன்றியது, கிழித்துவிட்டேன்.

அழுகையை எழுத எனக்கு வராது. வாதாட வரும். ஆகவே நாம் முடிக்காமல் விட்ட வழக்கையே எழுதுகிறேன்.

வாசிப்பவர்களுக்கு வழக்கு என்னவென்று தெரிய வேண்டும் அல்லவா? தொழில்முறை விளையாட்டில் தோற்காமல் தொடர்ந்து போவது எதில் கடினம்: கூடைப்பந்தாட்டத்திலா, உதைபந்தாட்டத்திலா? அவ்வளவுதான். நான்கு வருடமாக, மவுண்ட் வெல்லிங்டனில் உன் வீட்டு முன்னறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இதைத்தான் கதைத்தோம். உன் மனைவி சாந்தி, "ஊரிலை காணிக்குத்தான் இப்பிடிச் சண்டை பிடிப்பினம்" என்று சொல்லிக்கொண்டே தேநீர் கொண்டுவந்து வைப்பாள்.

உன் கையில் முப்பத்துமூன்று இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட அணி தொடர்ச்சியாக வென்ற ஆட்டங்கள் அவை. என் கையில் முப்பத்துநான்கு. நாலைந்து வருடங்களுக்கு முன் ஓர் இத்தாலிய உதைபந்தாட்ட அணி ஒரு பருவம் முழுவதும் தோற்காமல் ஆடிய ஆட்டங்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குக் கோல் காத்தவன் நீ. நியாயமாக உதைபந்தாட்டத்தின் பக்கம் நிற்க வேண்டியவன் நீதான். ஒரு பந்தையும் உதைத்தறியாத நான் அந்தப் பக்கம் நின்றேன், படித்த புள்ளிவிபரவியல் தந்த துணிவில்.

என் வாதம் எளிமையானது. கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நூறு புள்ளியளவு எடுக்கிறது. அத்தனை தடவை எறியும்போது அதிர்ஷ்டம் கரைந்துபோகும். திறமையான அணிதான் பெரும்பாலும் வெல்லும். உதைபந்தாட்டத்தில் ஒரு கோல் போதும். தொண்ணூறு நிமிடம் நன்றாக ஆடிவிட்டு, நடுவரின் ஒரு விசிலில், ஒரு காலின் வழுக்கலில் தோற்றுப்போகலாம். அந்த ஆபத்தை முப்பத்துநான்கு தடவை தாண்டுவது பெரிதில்லையா?

"அக்கா, அந்த முப்பத்துநாலிலை எத்தினை வெற்றி?" என்று கேட்டாய்.

"இருபத்திரண்டு."

"மிச்சம்?"

"சமநிலை."

"பன்னிரண்டு டிரோ! பரீட்சையிலை பன்னிரண்டு கேள்விக்கு ஒண்டும் எழுதாமல் வந்திட்டு, நான் ஒரு பிழையும் விடேல்லை எண்டு சொல்லுறமாதிரிக் கிடக்கு."

சாந்தி குசினிக்குள் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது. விடுவேனா? ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பத்து ஆட்டத்தில் ஒன்பதை வெல்லக்கூடிய அணி முப்பத்துமூன்றைத் தொடர்ந்து வெல்வதற்கு நூறில் மூன்று வாய்ப்பு இருக்கிறது. எத்தனையோ அணிகள், எத்தனையோ வருடங்கள். யாராவது ஒருவருக்கு அது விழத்தானே வேண்டும் என்றேன்.

உறையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாய். "எல்லா ஆட்டமும் ஒண்டெண்டு ஆர் சொன்னது? அந்த முப்பத்துமூண்டையும் அவங்கள் கிட்டத்தட்ட ரெண்டு மாசத்திலை ஆடினவங்கள். இண்டைக்கு ஒரு ஊர், நாளைக்கு இன்னொரு ஊர். மூண்டாம் நாள் கால் முதல் நாள் காலோ? நீங்கள் கணக்கைப் பாக்கிறியள் அக்கா, காலைப் பாக்கேல்லை."

மங்கரேயில் விமானச் சரக்குக் களஞ்சியத்தில் மூன்று நாள் தொடர்ந்து பெட்டி ஏற்றி இறக்கிவிட்டு வந்து, வீங்கிய கால்களை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு நீ அதைச் சொன்னாய். என் கணக்கில் ஒவ்வோர் ஆட்டமும் புதிதாகச் சுண்டிய நாணயம். களைப்புக்கு அதில் இடமே இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்த எனக்கு இது தோன்றவில்லையே என்று அன்று வீடு போகும் வழியெல்லாம் யோசித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், இல்லையா?

பிறகு இந்த வருடம், தொண்ணூற்றாறு, வந்தது. மாசியில் வயிற்றுவலி என்றாய். பங்குனியில் புற்றுநோய் என்றார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடிதான் இந்த வருடம் எல்லாரையும் வென்றுகொண்டிருந்த வேறோர் அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட அணியின் பருவத்தைக் கடைசிவரை பின்தொடர்ந்தாய். எண்பத்திரண்டு ஆட்டத்தில் பத்தில் மட்டும் தோற்றவர்கள். "பாத்தியளோ, இவங்களாலையே பத்துத் தடவை தப்ப ஏலாமல் போச்சு" என்று என்னை வெற்றிப் பார்வை பார்த்தாய். நான் வேலை முடிந்து நேரே உன்னிடம் வருவேன்.

"இண்டைக்கு எப்பிடி?"

"டிரோ, அக்கா."

மூன்று கரண்டி கஞ்சி உள்ளே போய் வெளியே வராத நாள் டிரோ. கழிவறைக்குத் தனியாக நடந்து போன நாள் வெற்றி. அப்படி இரண்டோ மூன்றோதான் வந்தன. தாதிமாருக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது. நான் கேட்கும் முன்பே "டிரோ டுடே" என்று சொல்லத் தொடங்கினார்கள். கடைசி நாள் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அதற்கு இரண்டு வாரத்துக்கு முன், ஒரு மத்தியானம், நீயாகவே சொன்னாய். "அக்கா, நான் உங்கடை பக்கம் வாறன். உதைபந்துதான் கஷ்டம். ஆனா நீங்கள் சொன்ன அதிர்ஷ்டத்துக்காக இல்லை. எல்லாம் சரிவாற நாளிலை ஆரும் வெல்லுவான். ஒண்டுமே சரிவராத நாளிலை தோக்காமல் நிக்கிறது இருக்கே, அந்தப் பன்னிரண்டுதான் பெரிசு. நான் அதைப் பகிடி பண்ணியிருக்கக் கூடாது."

கருத்தை மாற்றிக்கொள்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. மாற்றிய கருத்துக்கு என்னைவிட நல்ல காரணமும் சொன்னவன் நீ ஒருவன்தான். போர்வையைச் சரிசெய்தேன். அப்போதுதான் உன் மகளைப் பற்றியும் ஒன்று சொன்னாய்: "என்ரை வருத்தத்தைச் சொல்லி யாழினியின்ரை ஆட்டம் ஒண்டையும் நிப்பாட்டாதேங்கோ." ஓம் என்றேன்.

இனி உனக்குத் தெரியாத செய்தி.

உன் மகளின் பள்ளிக்கூடக் கூடைப்பந்தாட்ட அணி இந்தப் பருவத்தில் கடைசி ஆட்டம்வரை ஒன்றிலும் தோற்காமல் வந்திருந்தது. அந்தக் கடைசி ஆட்டம் உன் இருபத்துமூன்றாம் நாளில் வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை வீட்டுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, விளையாட்டும் இல்லை என்று எல்லாரும் முடிவாகச் சொன்னார்கள். யாழினி எதுவும் கேட்கவில்லை. சப்பாத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பரவாயில்லை மாமி என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பதினாறு வயதுப் பிள்ளை அவ்வளவு அமைதியாக இருப்பது எனக்குப் பயமாக இருந்தது.

எனக்குத் துடக்கில் நம்பிக்கை இல்லை. உனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. சாந்தி நம்பிக்கையால் மறித்தாள்; நானோ சனத்துக்குப் பயந்து சும்மா இருந்தேன். இரண்டில் எது கேவலம் என்று நீயே சொல்.

வியாழக்கிழமை பின்னேரம் சாந்தியிடம் சொன்னேன். "மச்சாள், தம்பி என்னட்டை ஒண்டு கேட்டவன்."

அவள் முழுவதும் கேட்டாள். "துடக்கோடை என்னெண்டு அனுப்புறது? சனம் என்ன கதைக்கும்?"

"சனிக்கிழமை காலமை எட்டரைக்கு எந்தச் சனம் எழும்பி வரப்போகுது?"

நீ போனபிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் யாழினியின் சீருடைக்கு அயர்ன் போட்டாள். "நான் வரேல்லை. நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ. மோட்டர்வேயிலை மெல்லமாப் போங்கோ, மச்சாள்." மோட்டர்வே என்றால் எனக்கு நடுக்கம் என்பது அவளுக்குத் தெரியும். போனேன்.

கடைசி விசில் ஊதியபோது இரண்டு பக்கமும் ஒரே புள்ளி. நான் எழுந்து நின்று கைதட்டினேன். சமநிலை! தோற்கவில்லை! பக்கத்திலிருந்த ஒரு தாய் என் கையை மெல்லப் பிடித்து, இன்னும் ஐந்து நிமிடம் ஆட வேண்டும் என்றார். நான்கு வருடம் உன்னோடு வாதாடியவள், கூடைப்பந்தாட்டத்தில் சமநிலை கிடையாது என்பதை மறந்துபோனேன்.

அந்த ஐந்து நிமிடமும் நான் பந்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் கால்களைப் பார்த்தேன். தொடக்கத்தில் துள்ளிய கால்கள் இப்போது தரையை விட்டு எழவே யோசித்தன. யாழினி முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்று, நிமிர்ந்து, மறுபடியும் ஓடினாள். இரண்டு புள்ளியால் தோற்றார்கள்.

காருக்குள் ஏறிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சொன்னாள், ஆங்கிலத்தில்தான்: உதைபந்தாட்டமாக இருந்திருந்தால் நாங்கள் இப்பவும் தோற்காத அணி, மாமி. பிறகு தமிழில், "அப்பா என்ன சொல்லுவார்?" என்று கேட்டாள். "கால் என்ன சொல்லுது எண்டு கேப்பார்" என்றேன். அதுவரை அழாத பிள்ளை அழுதாள். ஆட்டத்துக்காக என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு வசதி கிடைத்தது. நான் காரை எடுக்காமல் காத்திருந்தேன்.

நீ முதலில் சொன்னதுதான் சரி, தம்பி. ஒதுங்கி நிற்கச் சமநிலை இல்லாத ஆட்டத்தில், களைத்த காலோடு, முப்பத்துமூன்று தடவை வென்று வெளியே வருவதுதான் பெரிய காரியம். நீ என் பக்கம் வந்துவிட்டுப் போனாய். நான் இப்போது உன் பக்கம் வந்திருக்கிறேன். மறுபடியும் எதிரெதிராகத்தான் நிற்கிறோம்.

இதை மலரில் போடலாமா என்று சாந்தியிடம் கேட்டேன். "போடுங்கோ மச்சாள். தெரிஞ்சா தெரியட்டும்" என்றாள். ஆகவே வாசிக்கிற சொந்தங்களுக்கு: கேள்வி இருந்தால் அவளிடம் வேண்டாம், என்னிடம் கேளுங்கள்.

அடுத்த பருவமும் சனிக்கிழமைகளில் யாழினியை நான்தான் ஏற்றிப்போவேன், தம்பி. மோட்டர்வேயில்தான் போவேன். கணக்குப் போடக் கடித உறை கொண்டுபோக மாட்டேன்.

இன்னமும் எதிர்ப்பக்கத்தில் நிற்கும்
உன் அக்கா