எட்டாவது தடவை சொன்னது

ராகலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

சுலக்ஷனா எழுதுவது. அத்தைக்கு இருமல் குறைந்திருக்கிறது. உங்கள் தங்கச்சி ஜீவராணி வழக்கம்போல என் சமையலில் குறை கண்டுபிடிக்கிறாள். எல்லோரும் சுகம், நான்தான் சுகமில்லை. ஒன்பது நாளாக நீங்கள் என் ஃபோனை எடுக்கவில்லை. கொழுந்து பறிக்கும்போதும் ஃபோன் அடிக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, கங்காணியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டேன். அதனால்தான் கடிதம். கடைக்கார மர்சூக் நானாவின் மகன் அஸ்லம் புதன்கிழமை டோஹாவுக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்தால் வாங்காமல் இருக்க மாட்டீர்கள்.

பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா உங்களுக்கு என்ன சொல்லி அனுப்பினார் என்று தெரியும். நான் ஜீவராணியோடு சண்டை பிடித்து, உங்களைப் பற்றி "இனிமே வரவேணாம், வந்தாலும் நான் இருக்க மாட்டேன்" என்று கத்தினேனாம். கத்தியது உண்மை. ஆனால் அது படத்தில் நடிப்பதற்கான ஒடிஷன்.

கொழும்பில் ஒரு படக் கம்பெனி தோட்டத்துப் பெண் ஒருத்தியைத் தேடுகிறது. வசனத்தை அனுப்பி, வீட்டிலேயே நடித்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். இதற்கு முன்னால் வேறு மூன்று படக் கம்பெனிகளுக்கும் அனுப்பினேன். உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பீர்கள். அந்த மூன்றும் சரிவரவில்லை. முதலாவதில், திருவிழா நாடகத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கக் கத்துவதுபோலக் கத்தியிருக்கிறேன். இரண்டாவதில் கண் கேமராவையே வெறிக்கிறது, அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிற மாதிரி. மூன்றாவதில் அழுகிறேன். அழகாக அழுகிறேன், அதுதான் பிழை. அதைப் பார்த்த கம்பெனிக்காரர், "தங்கச்சி, எதிர்ல இருக்கவங்க எப்ப பேசி முடிப்பாங்கன்னு காத்திருக்கிறீங்க. அவங்க என்னா சொல்றாங்கன்னு கேக்கல" என்று எழுதினார். அதற்குப் பிறகு எடுத்ததை அழித்துவிடாமல் நானே உட்கார்ந்து பார்க்கப் பழகினேன். தன் பொய்யைத் தானே பார்ப்பது பெரிய தண்டனை அத்தான்.

இந்த நாலாவதை வெளிச்சத்துக்காகப் போன மாதக் கடைசி ஞாயிறு மத்தியானம் எடுத்தோம். ஃபோனை மா டின்னில் சாத்தி வைத்தேன். வெளிநாட்டில் இருக்கிற புருஷன், இந்த வருஷமும் வரமுடியாது என்று ஃபோனில் சொல்கிற காட்சி. புருஷன் வசனத்தை ஜீவராணி வாசித்தாள். எட்டுத் தடவை எடுத்தோம். நம் லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு வீடு உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது என்பதை அந்த மும்முரத்தில் மறந்துவிட்டேன். லீவு நாள், வரிசை முழுக்க ஆட்கள். ஒரே சண்டையை எட்டுத் தடவை பிடிக்கிறவள் உலகத்தில் உண்டா என்று ராசம்மா அக்காவிடம் கேட்டேன். "புருஷன் வெளிநாட்டுல இருந்தா திருப்பித் திருப்பித்தான் கேக்கணும்" என்கிறார்.

மறுநாள் தோட்டத் தலைவர் அழகுமுத்து சமாதானம் பேச வந்துவிட்டார். கடைசியாக எடுத்த வீடியோவைக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார். "இத நடிப்புன்னு சொன்னா நான் நம்பமாட்டேன் புள்ள" என்று சொல்லி, தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. கொஞ்ச நேரத்தில் பயமும் வந்தது.

"அவ நடிச்சாளா, நெசமாவே சொன்னாளா?" என்று ஜீவராணியிடம் கேட்டீர்களாம். நடிப்புதான் என்று சொல்லிவிட்டாள். பாவம், எனக்காகச் சொன்னாள்.

ஏழு தடவை நடிப்புதான். எட்டாவது தடவை அவளுக்கு அலுத்துவிட்டது. தாளைக் கீழே போட்டுவிட்டு, "சரி சரி, அடுத்த வருஷம் பாப்போம், இப்ப வேல இருக்கு" என்றாள். உங்கள் குரல், உங்கள் அவசரம், அப்படியே. இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள், ஐந்தாகிறது. அன்றுதான் எதிரில் சொல்வது எனக்குக் கேட்டது. நான் கத்தவில்லை. வெகு மெதுவாகத்தான் என் வசனத்தைச் சொன்னேன். கத்திய ஏழும் லயம் முழுக்கப் போனது. நிஜமாகச் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அதைத்தான் அனுப்பினேன். நம் வீட்டு விஷயத்தை வெளியாளுக்குக் காட்டுகிறோமே என்று இரண்டு நாள் தவித்தேன். ஆனால் நன்றாக இருந்தது அத்தான். நானே பார்த்தேன், ஓர் இடத்திலும் பொய் இல்லை. அனுப்பாமல் இருக்க மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் பதினைந்தாம் திகதி பூண்டுலோயாவில் படப்பிடிப்பு. வருகிறேன் என்று உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஃபோனை எடுத்துக் கோபித்துக்கொள்ளுங்கள்.

நிலைகொள்ளவில்லை எனக்கு. தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தை விட்டுவிட்டு வருகிறேன். விட்டுப் போய்விடுவேனா என்று கேட்டால், எங்கே போவேன்? ஆனால் அன்று சொன்னபோது போகத் தயாராகத்தான் இருந்தேன். அதை உங்களிடம் மறைக்க முடியவில்லை.

படப்பிடிப்பில் அதே வசனத்தைப் பத்துத் தடவையாவது சொல்லச் சொல்வார்கள். அதற்கு முன்னால் பத்து நாள் லீவிலாவது ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அதை நடிப்பாகச் சொல்ல எனக்குத் தெரியும். வராவிட்டால் நான் நடிக்கத் தேவை இருக்காது.

வெயிலில் தலையை மூடிக்கொள்ளுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மாரியம்மன் உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

உங்கள்,
சுலக்ஷனா