ஏரி மண்ணைக் காயவைத்தேன்

மாசி 12, ஞாயிறு.

இன்று என் மகள் கவிதாவின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன். நிலநடுக்கம் வந்தால் மண் என்னவாகும் என்று ஆராய்கிற உதவிப் பேராசிரியை அவள். தென்னேரி ஏரிக்கரையில் துளை போட்டு எடுத்த மண்ணை ஆறு இரும்புக் குழாய்களில் அடைத்து, ஈரச் சாக்கு சுற்றி, என் பட்டுக் கிடங்கில் நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

பட்டுக்குப் பக்கத்தில் ஈரமா? முப்பது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. மொட்டை மாடியில் மண்ணைத் தட்டிக் கொட்டி, நன்றாகக் காயவைத்து, திரும்பவும் குழாயில் நிரப்பி மூடியும் போட்டேன். சாயங்காலம் அவள் வந்ததும் பெருமையாகச் சொன்னேன்.

"ஐயோ அப்பா! பூமிக்குள்ள எப்படி இருந்துச்சோ அதே ஈரத்தோட, அலுங்காம வேணும். அதைத்தான் மெஷின்ல வெச்சு ஆட்டிப் பார்ப்பேன். என் பதவி உயர்வே இதுலதான்பா இருக்குது!"

"அதே ஏரி மண்ணு ஒரு லோடு அடிக்கச் சொல்றேன்மா."

"லோடா? நான் என்ன வீடா கட்டுறேன்?"

அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளை சாப்பிடவில்லையே என்று மனைவியிடம் புலம்பினேன். நாலு தோசை ஏற்கெனவே உள்ளே போய்விட்டதாம்.

நாளைக் காலையில் மறுபடியும் தென்னேரி. துளை போடும் ஆட்களிடம் நானே பேசிவிட்டேன். திரும்பும்போது காரில் குழாய்களைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பாம்.

"ஆட்டாம புடிச்சிக்கினு வருவியா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"தும்மல் வந்தாகூட வண்டிய நிறுத்தி, கீழ இறங்கித்தான் தும்முவேன்" என்றேன்.