நல்ல தண்ணீரிலும் விரியாத இறக்கைகள்

என் உயிரான ஸ்டெல்லாக்காவுக்கு,

உன்னை அடித்துக் கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்துவிட்டது. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று அம்மா சொன்னாள். ஆனால் நான் சொல்ல வந்தது உன் புழுக்களைப் பற்றி.

வடக்குப்பட்டுப் பக்கத்து ஏரிச் சேற்றில் நீ தேடித் தேடி எடுத்த சிவப்புப் புழுக்கள். வளர்ந்தால் கொசு மாதிரி பறக்கும், ஆனால் கடிக்காது என்பாய். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு வீட்டில் உனக்கு வேறு பேச்சே இல்லை. ஆலைக் கழிவில் கிடக்கிற புழுவின் மரபணுவில் எழுத்து மாறுவதில்லை, எழுத்தின்மேல் புள்ளி விழுகிறது என்று சாப்பிடும்போது எனக்கு விளக்கினாய். "க-வுக்கு மேல புள்ளி வச்சா சத்தம் அடங்கிப்பூடுதுல்ல, அந்த மாதிரிதான்டா." அந்தப் புள்ளி பிள்ளைகளுக்கும் போகுமா என்பதுதான் உன் கேள்வி.

அந்தக் கடைசி நாள், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த என்னைத் துணைக்குக் கூட்டிப் போனாய். கரையில் டேங்கர் லாரி. அதன் குழாய் ஆலைக் கழிவை ஏரிக்குள் பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் நம் தெரு குமரேசன் அண்ணன். நீ குழாய் வாயிலேயே பாட்டிலை நீட்டினாய். வீட்டுக்குப் போய்விடும்படி அவர் கெஞ்சினார்.

"குழாய எடுண்ணா. மொதல்ல குழாய எடு."

கழிவு கொட்டும் காண்ட்ராக்டரின் ஆள் பைக்கில் வந்திறங்கினான். இரும்பு ராடால் உன் பின்மண்டையில் அடித்தான். நீ சேற்றில் குப்புற விழுந்த பிறகும் அடித்தான். பாய்ந்த என்னைக் கிளீனர் கீழே தள்ளிக் கழுத்தில் மிதித்தான். வாயெல்லாம் சேறு. உன் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கல்லில் அடித்து உடைப்பதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ கண் திறக்கவே இல்லை. உன்னைப் புதைத்துவிட்டுத் திரும்பிய கூட்டம், ரோட்டில் வந்த அதே காண்ட்ராக்டரின் இன்னொரு லாரியை மறித்துக் கொளுத்தியது. அதை ஓட்டி வந்ததும் குமரேசன்தான். இழுத்துப் போட்டுக் கட்டையால் அடித்தார்கள். கை ஒடிந்து தொங்கியது. நான் அவர் தலைக்கு நேராகக் கல்லைத் தூக்கிவிட்டேன். அம்மா ஓடி வந்து அவர்மேல் குறுக்கே விழுந்தாள்.

"இவனும் செத்தா ஒன்ன விட்டா எவன்டா சாட்சி சொல்லுவான்?"

கோர்ட்டில் எனக்குப் பிறகு அந்தக் கோணல் கையை நீட்டி, அவரும் கொன்றவனை அடையாளம் காட்டினார்.

நீ முன்பே காலேஜில் கொண்டுபோய் வைத்திருந்த புழுக்களை உன் தோழி கவிதா சாக விடவில்லை. நல்ல தண்ணீரில் வைத்து, அவற்றின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்திருக்கிறாள். ஏரியையே பார்க்காத பேரப்பிள்ளைகளிலும் பல இறக்கை விரியாமல் செத்திருக்கின்றன. எழுத்து மாறவில்லையாம். புள்ளி சிலவற்றில் தேய்ந்துவிட்டது, பலவற்றில் அப்படியே இருக்கிறதாம். "ஸ்டெல்லா நெனச்சது சரிதான்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

என் மனைவி ஜெயந்தி முழுகாமல் இருக்கிறாள், அக்கா. அந்த ஏரிக்கரை போர்வெல் தண்ணீரைத்தான் இத்தனை வருஷமாக நம் வீடும் குடித்தது. பூச்சிக்கே இப்படியென்றால் நமக்கு? கவிதாவிடம் கேட்டேன். பூச்சி வேறு, மனுஷன் வேறு, தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்றாள். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

லாரி வருவது நின்றுவிட்டது, ஏரி தானாகவே சரியாகிவிடும் என்று அடுத்த வாரம் அதிகாரிகள் ஊர்க்கூட்டத்தில் சொல்லப் போகிறார்களாம். கவிதாவும் வருகிறாள். நீ கண்டுபிடித்ததை அவள் சொல்வாள். அந்த விஷச் சேற்றை அள்ளி அப்புறப்படுத்தும் நாள் எது என்று நான் கேட்பேன். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன். அடித்தாலும் உட்கார மாட்டேன்.

உன்கூடப் பிறந்தவன்,
டேனியல்
2015