மூன்றாவது நீதிபதியின் மகள்

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அம்மா இதே உறையில் வைத்திருக்கும் கடிதத்தில் எழுதியிருக்கிறாள், அதில் பாதிதான் உண்மை. காலையில் அவள் உறையை ஒட்டுவதற்குள் இதையும் உள்ளே செருகிவிடுவேன். குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் திட்டாதே.

அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை, மாத்திரையை மறந்துவிட்டு டாக்டரைக் குறை சொல்கிறாள். அப்பா தூங்குவதே இல்லை. எல்லாம் அந்த பஸ் கண்டக்டர் வழக்கால்தான், காவல் நிலையத்துக்கு நடந்து போனவரைப் பிணமாகத் தூக்கி வந்தார்களே, அது. நாளைக்கு அப்பா தீர்ப்பு வாசிக்கிறார். என்ன தீர்ப்பு என்று அம்மா விளையாட்டாகக் கேட்டதற்கு, அப்பாவுக்குத் தீர்ப்பைத் தட்டச்சு செய்கிற அண்ணன், என் தலை என் கழுத்துலயே இருக்கட்டும்மா, கேக்காதீங்க, என்றாராம். கூண்டில் நிற்கிற அந்த நிலையத்து இன்ஸ்பெக்டருக்கு நல்ல சேதி இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

இந்த வழக்குக்கு அப்பா மூன்றாவது நீதிபதி. முதலாமவரின் மகன் கடையை நொறுக்கினார்கள், அடுத்தவரின் மனைவியை ஒரு கார் தினமும் பின்தொடர்ந்தது, இரண்டு பேரும் விலகிவிட்டார்கள். அவர்கள் கோழைகள் இல்லை, அப்பாவின் உயர் நீதிமன்றத்தின் வழக்கம் அப்படி. அங்கே மாடிப்படி வளைவில் படமாக மாட்டியிருக்கிற மீசைக்காரத் தலைமை நீதிபதியின் கதைதான் உனக்குத் தெரியுமே. அவர் விசாரித்த கொலை வழக்கில் யாரோ அவர் மகனை அடித்துப் போட, அந்தக் கோபத்திலேயே குற்றவாளிக் கூண்டில் நின்றவனைத் தூக்குக்கு அனுப்பினார், பிறகு வேறொருவன் வந்து கொன்றது நான்தான் என்றான். அதற்குப் பிறகு ஏற்பட்டதுதான் இந்த வழக்கம், குடும்பத்துக்கு மிரட்டல் வந்தால் நீதிபதி அதைத் திறந்த மன்றத்தில் சொல்லிவிட்டு விலக வேண்டும், வழக்கு வேறொருவரிடம் முதலிலிருந்து தொடங்கும். நல்லதுக்குச் செய்ததுதான். அதையே இன்ஸ்பெக்டரின் ஆட்கள் நீதிபதிகளை விலக வைக்கும் சாவியாக்கிக்கொண்டார்கள்.

இன்று பள்ளி விடும்போது என் சைக்கிள் சங்கிலி கழன்று கிடந்தது. ஒருவர் வந்து மாட்டிக்கொடுத்தார், வயது நம் சித்தப்பா அளவு இருக்கும், சிரித்த முகம். ரயில்வே கேட் பக்கத்துல கழண்டா தனியா என்னம்மா பண்ணுவே, அங்க ஆள் நடமாட்டமே இல்லையே, என்றார். நான் எந்த வழியாகப் போகிறேன் என்று அவரிடம் சொல்லவே இல்லை. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, நான் விசாரிச்சேன்னு அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லிடு பாப்பா, மறந்துடாதே, என்றார். வீடு வரை சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். ஆனால் அந்த மறந்துடாதேதான் எனக்குப் புத்தி கொடுத்தது. நான் சொல்ல வேண்டும் என்றுதானே அவர்கள் காத்திருக்கிறார்கள்.

அதனால் சொல்லவில்லை. சாப்பிடும்போது தொண்டை வரை வந்தது, தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினேன். போன வாரம் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார், ஏன் தெரியுமா, அந்தக் கண்டக்டரின் மனைவி, கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற டவாலியிடம், இந்த ஐயாவுக்கும் பிள்ளைங்க இருக்குதா சாமி, என்று கேட்டிருக்கிறாள். நான் வாயைத் திறந்தால் அவள் நான்காவது ஐயாவைப் பற்றியும் அதையே கேட்க வேண்டும். இது வழக்கத்தை ஏமாற்றுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பயப்படுகிறவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, சரி, அப்பா பயப்படவில்லையே, நான்தானே பயப்படுகிறேன்.

காய்ச்சல் என்று சொல்லி நாளை வீட்டிலேயே இருக்கலாம் என்று பார்த்தேன், ஆனால் அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் உளறிவிடுவேன். சைக்கிளை விட்டுவிட்டு எதிர்வீட்டுப் பெண்ணோடு பஸ்ஸில் போகிறேன். சாயங்காலத்தைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலை ஈரத்தோடு வெளியே போகாதே, அம்மா எழுத மறந்திருப்பாள். உன்னை ஆசீர்வதிக்க எனக்கு வயசு போதாது, நீ எனக்கு ஒன்று அனுப்பு. இது வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நல்லபடி முடிந்திருந்தால் கிழித்துப் போட்டுவிடு, அம்மாவிடம் மூச்சு விடாதே. இல்லையென்றால் உடனே புறப்பட்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துக் காட்டு. வழக்கா மகளா என்று அவர் தேர்ந்தெடுக்கவில்லை, நான் அவரைக் கேட்கவே இல்லை என்று சொல்.

உன் தங்கை,
நண்டு