வாய் மூடாத கார்

மார்ச் 3, திங்கள்

மருத்துவமனை வாசலில், ‘ஒலி எழுப்பாதீர்’ பலகைக்கு நேர் எதிரே, இன்று கார் கத்தியது. நான் ஹாரனைத் தொடவே இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கினேன், அவ்வளவுதான். காவலாளி முறைத்தார். சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி ‘நான் இல்லை’ என்று சொல்லலாம்தான். ஆனால் காருக்குள் வேறு யாருமே இல்லையே.

ஒரே வாரத்தில் இது மூன்றாவதோ நான்காவதோ. புதுக் கார் வாங்கிய அத்தை பழையதை எனக்குக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. தன்னிடம் இருந்தவரை அது ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை என்று சத்தியம் செய்கிறாள்.

மார்ச் 5, புதன்

அம்மாவைக் கடையில் இறக்கிவிடப் போனேன். தெருமுனை வேகத்தடையில் ஆரம்பித்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருக்கையில் சரிந்துவிட்டாள். இறங்கும்போது சொன்னாள்: “வீட்டுல வாயே தொறக்காத பொண்ணு, ரோட்டுல வாயே மூடாத காரு. நல்ல ஜோடி.”

மார்ச் 7, வெள்ளி

நான் வேலை பார்க்கும் தண்ணீர் ஆய்வகத்தில் ஒரு செய்தி. அடுத்த மாதத்திலிருந்து கிணறு, குளம், தொட்டி என்று வெளியே போய்த் தண்ணீர் எடுத்துவர ஓர் ஆள் வேண்டுமாம். எனக்குப் போகவேண்டும். வரும் பாட்டில்களைச் சோதித்துச் சோதித்து, இந்தத் தண்ணீர் எந்த இடத்தில் இருந்தது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. மேடம் என்னைத்தான் பார்த்தார். “உங்கிட்ட கார் இருக்குல்ல? நம்பி எடுத்துட்டுப் போகலாமா?”

தலையை எல்லாப் பக்கமும் ஆட்டினேன். இருபத்தொன்றாம் தேதிக்குள் சொல்லச் சொன்னார்.

மார்ச் 10, திங்கள்

கார் எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். பனைமரம் மாதிரி உயரம். ஹாரனுக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயை மாற்றினார், ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. மாலையில் எடுக்கப் போனால் வழக்கமான கதை — பெடல் எட்டவில்லை, கண்ணாடியில் கூரைதான் தெரிகிறது, ஸ்டியரிங் என் மூக்குக்கு நேராக. யார் ஓட்டினாலும் இப்படித்தான் வைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லாவற்றையும் என் அளவுக்கு இறக்கிக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டாவது வேகத்தடையில் கத்தியது.

மார்ச் 13, வியாழன்

மறுபடியும் அவரிடம். ஹாரனையே மாற்றினார். மூன்று சுற்று ஓட்டினார். ஒன்றும் இல்லை. பிறகு மிகவும் அன்பாகச் சொன்னார்: “வண்டியில குறை இல்லம்மா. பயத்துல உங்களுக்கே தெரியாம அழுத்திடறீங்க போல.”

“சரிண்ணா” என்று சொல்லிவிட்டு வந்தேன். சரியா? என்ன சரி? வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ‘நான் அழுத்தல’ என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது. அங்கே ஏன் வரமாட்டேன் என்கிறது?

மார்ச் 14, வெள்ளி

கத்தியது.

மார்ச் 16, ஞாயிறு

அப்பாவுக்கு மதியம்தான் டூட்டி. ஆயுசுக்கும் பஸ் ஓட்டியவர், “குடு, நான் பாக்கறேன்” என்று எடுத்தார். தெருவின் எல்லா வேகத்தடைகளிலும் ஏற்றி இறக்கினார். பூனை மாதிரி வந்தது கார். நான் உட்கார்ந்தேன், ஒரே ஒரு தடையில் ஏறினேன் — கத்தியது. அப்பா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “கை ஓரத்துலதான இருக்கு! உம்மேல இதுக்கு என்ன கோபம்?”

அவர் நம்பியதே போதும் என்று இருந்தது.

வாசலில் நிறுத்துவதற்காக அப்பா மறுபடி ஏறினார். ஏறியதும் லீவரை இழுத்து ஸ்டியரிங்கை மேலே தள்ளினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது. அப்பா உயரம். அத்தை அப்பாவின் தங்கை, அவளும் உயரம். எலக்ட்ரீஷியன் பனைமரம். நான் அம்மா பக்கம். ஸ்டியரிங்கைக் கடைசி மட்டும் இறக்கி ஓட்டுவது நான் ஒருத்திதான்!

அதற்குள் அப்பா டூட்டிக்குப் போய்விட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

எலக்ட்ரீஷியனிடம் அப்பாவும் கூட வந்தார். எந்த இடத்துக்குப் போனாலும் சொல்வதைப் போலவே சொன்னார்: “நீ பேசும்மா, படிச்ச பொண்ணு.” வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அதற்காகப் பேச்சு தானாக வந்துவிடுமா? ஆனாலும் பேசினேன்.

“அண்ணா, நீங்க ஒரு தடவ ஓட்டணும். சீட்டையும் ஸ்டியரிங்கையும் தொடாம, இப்ப இருக்கறபடியே.”

“முட்டிய எங்கம்மா வெக்கறது?”

“கழட்டிப் பின்னாடி போடுப்பா” என்றார் அப்பா.

மடித்து வைத்த குடை மாதிரி உட்கார்ந்து ஓட்டினார். நான் பக்கத்தில். வேகத்தடை வந்ததும், “இப்ப ரெண்டு கையையும் தூக்குங்க” என்றேன். தூக்கினார். முதல் தடையில் ஒன்றும் இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டாவதில் கார் அடிவயிற்றிலிருந்து கத்தியது. தெருவே திரும்பியது. கைகளைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தார்.

“நான் அழுத்தலம்மா.”

“தெரியும்ணா” என்றேன்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினார். ஸ்டியரிங்கை முழுக்க இறக்கினால் ஹாரன் ஒயர் ஓர் இரும்பு விளிம்பில் போய்ப் படுகிறது. உரசி உரசி, நகக்கண் அளவுக்குத் தோல் உரிந்து, செம்பு பளபளத்தது. குலுங்கும்போதெல்லாம் இரும்பைத் தொட்டு எர்த் ஆகி, யாரும் அழுத்தாமலே ஹாரன் அடித்திருக்கிறது. ஒயருக்கு உறை போட்டு, விளிம்பை விட்டுத் தள்ளிக் கட்டினார். எல்லாம் முடிந்தபின், கேட்காமலே ஸ்டியரிங்கையும் கண்ணாடியையும் என் அளவுக்கு இறக்கி வைத்துக் கொடுத்தார்.

மார்ச் 21, வெள்ளி

மூன்று நாளாக ஊரிலுள்ள வேகத்தடைகளைத் தேடித் தேடி ஏறினேன். கார் மூச்சுவிடவில்லை. மேடத்திடம், “நம்பிப் போகலாம் மேடம். நான் போறேன்” என்றேன். “இவ்வளவு சத்தமா பேசுவியா நீ?” என்றார்.

ஏப்ரல் 2, புதன்

முதல் நாள். இரண்டு கிணறு, ஒரு குளம். குளத்துக்குப் போகும் சந்தில் ஒரு வேன், டிரைவர் பின்னால் பார்க்காமலே, ரிவர்ஸில் என் காரை நோக்கியே வந்தது. அட, பார்ப்பார், இதோ பார்ப்பார் என்று இருந்தேன். பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: “இன்னிக்கு வண்டி கத்துச்சா?”

“ஒரு தடவ.”

“ஐயோ, மறுபடியுமா?”

“நான்தாம்மா அடிச்சேன்.”