அக்கா விழுந்த மண்தரை

என் உயிரே, அக்கா,

உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் அப்பா என் கையை ஒடித்துவிடுவார். திரியைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன்.

தை பிறந்ததும் உன் புருஷனுக்கு என்னைக் கட்டிவைக்கப் போகிறார்கள். நேற்று தேவதானத்திலிருந்து உன் மாமியார் வந்து வெற்றிலை மாற்றிவிட்டுப் போனாள். "மூத்தவ போனா இளையவ. வெளியிலயா போய்த் தேட முடியும்?" என்று சிரித்தாள். அந்தப் பல்லை உடைக்க வேண்டும் போலிருந்தது.

வாந்திபேதி என்று ஊரை நம்பவைத்தவள் அவள். லீவுக்கு வந்து உன்னோடு இருந்தவள் நான். காலையில் அத்தான் கொடுத்த கஷாயத்தைக் குடித்தாய், மத்தியானம் போய்விட்டாய். வேறு யாருக்கும் வாந்தி வரவில்லையே? பொழுது சாய்வதற்குள் எரித்தும்விட்டார்கள். நீ கஷாயம் குடித்த லோட்டாவை உன் மாமியார் என்னிடம் நீட்டி, "ஏட்டி, தீட்டு. சாம்பல் போட்டு நல்லாத் தேய்" என்றாள். பளபளவென்று தேய்த்துக் கொடுத்தேன், பாவி.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் கம்பவுண்டர் ஒரு ஜாடிக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். யாரோ செத்தவருடைய குடலாம். சென்னப்பட்டணத்தில் கண்ணாடிக் குழாயில் காய்ச்சினால், உள்ளே பாஷாணம் இருந்தால் கறுப்பாக ஒட்டிக்கொள்ளுமாம்.

"எரிச்சிட்டா?" என்று கேட்டேன்.

"வாந்தி எடுத்த மண்தரை இருந்தாச் சொரண்டி அனுப்பலாம். சாணி மெழுகியிருந்தாலும் அடியில கிடக்கும். நீ எதுக்குக் கேக்க?"

"எனக்கு அந்தக் காச்சுத வேலை வேணும்."

"பொம்பளப் பிள்ளைக்குப் பொணத்துக் குடலா? ஏட்டி, போய்ச் சோறாக்கப் படி!"

அவர் சிரித்த சிரிப்பும் எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அந்த வேலைதான் வேண்டும், அக்கா. சாம்பல் போட்டுத் தேய்க்கிறவளாக இனி இருக்க மாட்டேன்.

உன் வீட்டுக் கட்டிலடியில் நீ வாந்தி எடுத்து விழுந்த இடம் எனக்குத் தெரியும். தீட்டுக் கழிக்கிறேன் என்று உன் மாமியாரே அதைச் சாணியால் மெழுகிப் பத்திரமாக மூடியிருக்கிறாள். ஆனால் திங்கட்கிழமை ராஜபாளையத்துக் கொத்தனார் வருகிறார். கல்யாணத்துக்காகத் தரையைக் கொத்தி அள்ளிவிட்டுச் சுண்ணாம்புத் தளம் போடப் போகிறார்களாம். நேற்று பெருமையாகச் சொன்னாள்.

இன்றைக்கு மறுபடி கம்பவுண்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொல்லி, நானே சுரண்டி எடுத்து வரட்டுமா என்றேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"கைய வச்சிராத தாயி. நீயே மண்ணுல பாஷாணத்தப் போட்டேன்னு சொல்லிருவாக. மாஜிஸ்திரேட்டுக்கு மனு கொடு. அவிய ஆளு வந்து, ஊர் பாக்க எடுக்கணும். எழுதினவ பேரும் வேணும்."

அப்பாவிடம் பாதிதான் சொன்னேன். "குடும்ப மானம் சந்தி சிரிக்கவா உன்னப் படிக்க வச்சேன்?" என்று அறைந்தார். நாளையோடு பள்ளிக்கூடம் நிறுத்தம். அவருக்குச் சந்தேகமே இல்லையா? இருந்தும்தான் என்னைக் கொடுக்கிறாரா?

உன்மேலும் கோபம்தான். முந்தின தடவையும் வயிறு எரியுது என்றாயே, பொறவும் அந்த ஆளிடம் ஏன் வாங்கிக் குடித்தாய்?

பயமாக இருக்கிறது. மண்ணில் ஒன்றுமில்லை என்று பதில் வந்தால் என்னை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்? தெரியவில்லை. மனுவை எழுதி முழுப் பெயரையும் போட்டுவிட்டேன். நாளைக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும் முன் மாஜிஸ்திரேட் கச்சேரியில் நிற்பேன். பட்டணத்திலிருந்து என்ன பதில் வந்தாலும், உன் வீட்டு வாசலை மணப்பெண்ணாக மிதிக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உனக்குப் பின் அதே வயிற்றில் பிறந்த
உன் தங்கச்சி